இனித்த செங்கல்

அடியே, இன்று காலை ஒரு பாட்டம் மழை பெய்து ஓய்ந்தது. குப்பத்துக்குப் போகிற மண் பாதையில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியதுமே அந்த வாசனை மூக்கில் ஏறியது. நனைந்த பழைய செங்கல் வாசனை. மழைக்காலத்தில், பழைய கட்டடச் சாமான் விற்கும் உன் யார்டுக்குள் நுழைந்தால் முதலில் வருவது அதுதான். நீ மூச்சை நன்றாக இழுத்து, "இந்த வாசனைக்கே ரெண்டு இட்லி சேத்து துன்லாம்டி" என்பாய். இன்றைக்கு நான் மூச்சை அடக்கினேன். துப்பட்டாவை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, பாதி இடிந்து நின்ற சுவருக்கு எதிரே போய் நின்றேன். நீயும் நானும் சேர்ந்து கட்டிய சுவர். இடிக்கச் சொல்லிவிட்டு நீ போய்விட்டாய். இடித்துக்கொண்டிருப்பது நான்.

உன்னை நினைத்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. அழுகை அப்புறம்தான். பாலிடெக்னிக்கில் சிவில் பிரிவில் நாம் இரண்டே பெண்கள். படிப்பு முடிந்ததும் நீ உன் நைனாவோடு கட்டடம் இடிக்கிற காண்ட்ராக்ட் வேலைக்குப் போய்விட்டாய். நான் மணவாள நகரில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து வீட்டு பிளான் போட உட்கார்ந்தேன். "நான் இடிக்கறேன், நீ கட்டு. ஊர்ல எவனுக்கும் வேலைக்கு பஞ்சமே வராது" என்று பஸ் ஸ்டாண்டில் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனவள்தான். பல வருடம் கழித்து, பழைய தேக்குக் கதவு ஒன்று வேண்டுமென்று ஒருவர் கேட்டதற்காக எளாவூர் செக்போஸ்ட் பக்கம் விசாரித்துக்கொண்டு வந்தால், கதவுகளுக்கும் ஜன்னல்களுக்கும் நடுவே பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாய். கதவைப் பார்க்க வந்தவள் சாயங்காலம் வரை உன்னோடு பேசிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே நீ என்னைத் திட்ட ஆரம்பித்துவிட்டாய். நான் போட்ட பிளான் ஒன்றை விரித்துப் பார்த்துவிட்டு, "இத்த போட்டுட்டு அப்பால சாமான் தேடுவியா? சாமான மொதல்ல பாருடி. அதுக்கு ஏத்தா மாதிரி வரை" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் மறுநாளே டேப்பை எடுத்துக்கொண்டு உன் யார்டுக்கு வந்துவிட்டேன். மூடின ரைஸ் மில்லின் உத்திரம் எவ்வளவு நீளமோ, ஊத்துக்கோட்டையில் நாம் கட்டிய வீட்டின் கூடம் அவ்வளவு அகலம். பழைய ஷெட்டில் கழற்றிய இரும்பு ஜன்னல்கள் எத்தனை கிடைத்தனவோ, அந்த வீட்டில் அத்தனை ஜன்னல்தான். வீட்டுக்காரர் முதலில் முகத்தைச் சுளித்தார். கிரகப்பிரவேசத்தன்று வந்தவர்களெல்லாம் உத்திரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு நம் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

உனக்கு இதில் இருந்த வெறி வியாபார வெறி இல்லை. இடித்த கட்டடத்து மண்ணையும் கல்லையும் லாரி லாரியாகக் கொண்டுவந்து ஏரிக்கரையில் கொட்டிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் நீ ஹைவேயிலேயே வண்டியைக் குறுக்கே நிறுத்திச் சண்டை போடுவாய். குப்பத்து மீன்காரர் ஒருவர் உன்னிடம் வந்து, "வலையில மீனு வர்லம்மா, டைல்ஸ் ஒடசல்தான் வருது. கால வெச்சா கிழிச்சிடுது" என்று காலைத் தூக்கிக் காட்டினார். நீ அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. இடிக்கிற வீட்டிலிருந்து ஒரு கல்லும் குப்பைக்குப் போகக் கூடாது என்று உன் ஆட்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாய். கடப்பாரையால் நெம்பித் தள்ளுவதை நிறுத்தி, ஒவ்வொரு கல்லாகக் கழற்றி, ஒட்டியிருந்த சாந்தைக் கொத்தி எடுத்து, வரிசையாக அடுக்கப் பழக்கினாய். அந்தப் பழக்கம்தான் இப்போது என் உயிரை வாங்குகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கல்லை எடுக்கும் முன் நீ செய்கிற சோதனை ஒன்று உண்டு. கடலோரக் கட்டடங்களின் செங்கல்லில் உப்பு ஏறியிருக்கும். அதை மறுபடி சுவரில் வைத்தால் உப்பு பூத்து, மேலே பூசினதெல்லாம் பொருபொருவென்று உதிரும். அதனால் கல்லைப் புடவைத் தலைப்பில் துடைத்து, நுனி நாக்கால் ஒரு தொடு. கரித்தால் தள்ளிவிடு, கரிக்காவிட்டால் லாரியில் ஏற்று. உன் நைனா அப்படித்தான் பார்த்தார். உன் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் பார்த்தார்கள். கட்டடம் கட்ட வந்தவர்கள் முன்னால் நானும் பெருமையாக நக்கிக் காட்டியிருக்கிறேன். லேபுக்கு அனுப்பலாமே என்று நான் ஒருமுறை சொன்னதற்கு, "நாக்க விட பெரிய லேபு எங்க கீது?" என்றாய். நானும் சிரித்தேன். அந்தச் சோதனை உப்பு இருக்கிறதா என்று மட்டும்தான் கேட்கும். வேறு எதையும் கேட்காது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் பின்வரிசையில் மூடிக்கிடந்த அந்தக் கம்பெனி நினைவிருக்கிறதா? உனக்கா நினைவிருக்காது. கை மாறிக் கை மாறி யாரிடமோ வந்த இடம். சுவரோடு இடித்து நிலத்தைச் சுத்தமாக்கித் தர வேண்டும் என்பது உனக்கு வந்த வேலை. பெயர்ப் பலகையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். வாட்ச்மேனிடம், "இன்னா கம்பெனிப்பா இது?" என்று நீ கேட்டாய். "தெர்லக்கா. நான் வரச்சொல்லவே பூட்டித்தான் இருந்துச்சு" என்றார். நல்ல மழைக்காலம். வழியெல்லாம் புல் முழங்கால் உயரத்துக்கு நின்றது. அந்தச் சுவரை ஒட்டி மட்டும் ஒரு பூண்டுகூட முளைக்கவில்லை. நான் சுட்டிக் காட்டினேன். "மருந்து அட்ச்சிருப்பானுங்க, வா" என்று நீ முன்னால் நடந்தாய்.

அந்தக் கல்லைப் போல ஒரு கல்லை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கருஞ்சிவப்பு. விளிம்பு மழுங்கவில்லை, கையில் எடுத்தால் கனம். நீ வழக்கம்போலத் துடைத்து நாக்கில் வைத்தாய். வைத்ததும் உன் முகத்தில் ஒரு குழப்பம். மறுபடி வைத்துப் பார்த்தாய்.

"இன்னாடி இது, இனிக்குது."

"போடி லூசு."

"உன் மேல சத்தியமா. இந்தா, நீயே பாரு."

நானும் வைத்துப் பார்த்தேன். ஆமாம், லேசாக இனித்தது. "வெல்லம் கலந்து சுட்டானுங்களோ இன்னாவோ" என்று நீ சொன்னாய், நாம் சிரித்த சிரிப்பில் வாட்ச்மேன் எழுந்து வந்து பார்த்தார். உப்பு இல்லை. அதனால் கல் பாஸ். மொத்த லாட்டும் எனக்கு வேண்டும் என்று நான் அங்கேயே சொல்லிவிட்டேன். என் கையில் அப்போது ஒரு கட்டடம் இருந்தது.

பழவேற்காட்டு ஏரியை ஒட்டிய குப்பத்துப் பெண்கள் மீன் வாங்கி விற்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போக ஓர் இடம் கேட்டிருந்தார்கள். நீதான் அவர்களை என்னிடம் அழைத்து வந்தாய். அந்தக் காப்பகத்தை இந்தக் கல்லால் கட்டினோம். இவ்வளவு அழகான கல்லைச் சிமெண்ட் பூசி மறைப்பதா என்று பூசாமலே விட்டோம். பிள்ளைகள் உட்கார்ந்து சாய, உள்பக்கம் சுவரை ஒட்டித் தாழ்வாக ஒரு திண்டு வைத்தோம். காற்றுக்காகக் கல்லுக்குக் கல் இடைவெளி விட்டு, பிள்ளைகளின் முகத்துக்கு நேராக ஓட்டைகள் விட்டோம். திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் போட்டோ எடுத்துத் தள்ளினார்கள். உனக்கு மாலை போட்டபோது நீ வெட்கப்பட்டதை அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட தனம், அதுதான் ஓட்டை ஓட்டையாகச் சுவர் வைத்ததற்கு நம்மை ஓயாமல் கிண்டல் செய்த தனம், ஒருநாள் சொன்னாள்: "இன்னாவோ தெர்ல மேடம், பசங்க செவுத்த நக்கிக்கினே கீதுங்க. அதட்டி இட்டாந்து ஒக்கார வெச்சா, திரும்பவும் அங்கியே போவுதுங்க." நீ அவள் முதுகில் தட்டி, "மண்ணு துன்ற வயசு. நம்ப செவுரு அவ்ளோ டேஸ்ட்டு, இன்னா பண்றது" என்றாய். நான் வண்டியில் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்தேன். நமக்கு அன்று வேறு இடத்தில் வேலை இருந்தது.

உனக்கு முதலில் வயிற்றுவலி வந்தது. அல்சர் என்றார்கள். அப்புறம் முகம் வெளிறியது, ரத்தம் குறைவு என்று மாத்திரை கொடுத்தார்கள். நீ யார்டில் கல் கொத்துகிற இடத்திலேயே உட்கார்ந்து, அந்தக் கையோடே நாஷ்டா தின்றுவிட்டு, "யார்டு தூசிடி, வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாய். ஒருநாள் டீ கிளாஸைத் தூக்கப் போனாய், மணிக்கட்டு மடங்கித் தொங்கியது. கை உன் பேச்சைக் கேட்கவில்லை. நீ அதையும் கிண்டலாக்கினாய். "ஆண்டவன் ஸ்க்ரூவ கழட்டிக்கினான் பாரு" என்றாய். ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்று நீ பிடித்த பிடிவாதம் எனக்குத்தான் தெரியும். உன்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயிருந்தது.

அங்கே இருந்த டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: "இவங்க பேட்டரி கம்பெனில வேலை செஞ்சாங்களா? பெயிண்ட் கம்பெனி?"

"இல்ல டாக்டர். பழைய கட்டடம் இடிக்கிறவ."

"ரத்தத்துல ஈயம் ரொம்ப இருக்கு. எங்கேயோ தூசியா போயிருக்கு, இல்லன்னா வாய் வழியா."

பேட்டரி கம்பெனி என்றதும் பெயர்ப் பலகை கழற்றிய அந்தக் கம்பெனியும், வாய் வழியாக என்றதும் நாம் நக்கிப் பார்த்த கல்லும் என் கண்முன் வந்து நின்றன. எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. ஈயம் எப்படி இருக்கும், ருசி, என்று கேட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "லேசா இனிப்பா இருக்கும்னு சொல்வாங்க. பெயிண்ட்ல ஈயம் கலந்த காலத்துல குழந்தைங்க அத பேத்து பேத்து தின்னும். ஏன் கேக்கறீங்க?"

நான் நேராக எழுந்து நடந்தேன். உன் படுக்கைக்கு வந்து சொன்னேன். மறைக்க எனக்குத் தெரியவில்லை, நீயும் மறைத்தால் விடுகிறவள் இல்லை. நீ உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அந்த பசங்க?" என்றாய். பிறகு, நன்றாக இருந்த கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "அத்த இடிச்சிடுடி. ஒரு கல்லு கூட வெளிய போவ கூடாது. எவன் ஊட்டுக்கும் போவ கூடாது." அதுதான் நீ என்னிடம் தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு. அதற்கப்புறம் வலிப்பு வந்தது.

உன் காரியங்கள் முடியும் வரைகூட நான் காத்திருக்கவில்லை. காப்பகத்தைப் பூட்டி, பிள்ளைகளையெல்லாம் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். சில பிள்ளைகளுக்குக் கொஞ்சம், சிலருக்கு அதிகம். மருந்து கொடுக்கிறார்கள், பால், முட்டை, கீரை என்று சாப்பாடு சொல்லியிருக்கிறார்கள். மூளையை அது என்ன செய்திருக்கிறது என்பது அவர்கள் வளர வளரத்தான் தெரியுமாம். தனத்தின் பேத்தி இன்னும் பேச ஆரம்பிக்கவில்லை. லேட்டாகப் பேசுகிற பிள்ளையாகவும் இருக்கலாம் என்று டாக்டர் சொல்கிறார், தனமும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறாள். நானும் பரிசோதித்துக்கொண்டேன். என்னிடமும் இருக்கிறது. எலும்பில் போய் உட்கார்ந்துவிட்டால் லேசில் இறங்காதாம். நாம் சேர்ந்து செய்ததில் எனக்கு வந்த பங்கு என்று நினைத்துக்கொண்டேன்.

இடிப்பதற்கு ஊர் சம்மதிக்கவே இல்லை. "நல்லா கீற கட்டடத்த ஏன் மேடம் இடிக்கிற? பசங்க ஓடிக்கினுதான கீதுங்க?" என்று கேட்டார்கள். விஷம் என்றால் நெளிய வேண்டும், நுரை தள்ள வேண்டும். சுவர் அழகாக நிற்கிறது, எப்படி நம்புவார்கள்? உன்னைச் சொன்னேன். உன் கை தொங்கியதைச் சொன்னேன். அப்புறம்தான் வாயை மூடினார்கள். ஆபத்தான கழிவைப் புதைக்கிற இடம் தொழிற்பேட்டைப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே ஏற்பாடு செய்துவிட்டு உன் ஆட்களைத்தான் கூப்பிட்டேன். மாஸ்க் கொடுத்தேன், கையுறை கொடுத்தேன், தண்ணீர் தெளித்துக்கொண்டே உடைக்கச் சொன்னேன். யாருக்கும் பயன்படாதபடி சுத்தியலால் ஒவ்வொரு கல்லையும் நொறுக்கி மூட்டை கட்டுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

லாரிக்காரரைப் பார்த்துவிட்டு சாயங்காலம் திரும்பி வந்தால், பாதிச் சுவர் வரை கல்லைக் கழற்றி, சாந்து கொத்தி, கோடு போட்டதுபோல வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒன்றுகூட உடையவில்லை. எனக்கு ஆத்திரம் தலைக்கேறிக் கத்தினேன். உன் மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "மறந்து பூட்டோம் மேடம். கை அதும்பாட்டுக்கு செஞ்சிட்சு. அக்கா பழக்கின கை, ஒடைக்க வர்ல" என்றார். அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? பொழுதும் சாய்ந்துவிட்டது. தார்ப்பாய் போட்டு மூடிக் கயிறு கட்டிவிட்டு வந்தோம். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் ஒரு பக்கத்து வரிசை பாதியாகக் குறைந்திருந்தது.

யாரைக் குற்றம் சொல்ல? பழைய கல்லை வீணாக்காதே, வாங்கிப் போய்க் கட்டு என்று இந்தச் சுற்றுவட்டாரம் முழுக்க நின்று பேசியவர்கள் நாம். சுத்தம் செய்து அடுக்கின கல் கேட்பாரற்றுக் கிடந்தால் எடுக்கத்தான் செய்வார்கள். கணக்கு சரியாகும் வரை மிச்சத்தைத் தொட வேண்டாம் என்று காவலுக்கு ஆள் போட்டுவிட்டு, அன்றிலிருந்து நான் வீடு வீடாகப் போகிறேன். ஒரு வீட்டில் தண்ணி டிரம்முக்கு அடியில் கிடைத்தது. இன்னொரு வீட்டில் அடுப்பாக இருந்தது, மேலே குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. வேப்பமரத்தடி அம்மனைச் சுற்றி யாரோ மேடை கட்டியிருந்தார்கள். அதைக் கேட்டு வாங்கப் பெரியவர்கள் இரண்டு பேர் காலில் விழாத குறை. கிடைத்ததையெல்லாம் சாக்கில் கட்டி வண்டியில் போட்டுக்கொண்டு வந்து சேர்க்கிறேன். இன்று காலை வரை வந்ததை அடுக்கிப் பார்த்தபோது, குறைந்த வரிசை கிட்டத்தட்ட நிரம்பிவிட்டதுபோல் இருந்தது. பல நாளைக்குப் பிறகு வயிற்றில் பசி தெரிந்தது. எளாவூர் வந்து ஒரு டீ குடிக்கலாம் என்று கிளம்பினேன்.

வழியில், வயலை ஒட்டி ஒரு வீடு. பழைய வீட்டோடு சேர்த்து ஓர் அறை எடுத்திருக்கிறார்கள், பூசாத சுவர். ரோட்டிலிருந்தே தெரிந்தது, அந்த நிறம். வண்டியை ஓரம் கட்டி இறங்கினேன். நெல் காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்தார். உன் பேரைச் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது.

"அய்யோ, அந்தக்காவா? தவறிப் பூட்டாங்களாமே. வா மேடம், உள்ள வா. பொண்ணு பிரசவத்துக்கு வர்றா, அதுக்குத்தான் இந்த ரூம்பு."

"இந்தக் கல் குப்பத்துக் காப்பகத்துல இருந்து எடுத்ததாம்மா? சொல்லுங்க. யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நாங்க ஏன் அங்கெல்லாம் போயி எடுக்கறோம்? இது அக்காவாண்ட யார்டுல வாங்கினது. அது உசுரோட இருக்கச்சொல்லவே வாங்கிப் போட்டோம். எங்களுக்கு மட்டுமா, ஊத்துக்கோட்ட பக்கம் எத்தினி ஊட்டுக்கு போச்சு இந்த கல்லு. அக்காவே லாரில ஒக்காந்துக்கினு வந்து எறக்கிச்சு."

மொத்த லாட்டும் என் காப்பகத்துக்கு வந்தது என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். மீதி இருந்திருக்கிறது. நீ விற்றிருக்கிறாய். விற்பதுதானே உன் தொழில். பில் போடுகிற வழக்கம் உன்னிடம் என்றைக்கும் இருந்ததில்லை. வாங்கினவர்கள் முகம் உனக்கு நினைவிருக்கும், அது போதும் என்பாய். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, எவன் வீட்டுக்கும் போகக் கூடாது என்று சொன்னபோது உனக்கு இவர்களெல்லாம் நினைவுக்கு வந்தார்களா, சொல்ல வாய் வரவில்லையா என்று இப்போது யோசிக்கிறேன். கேட்க நீ இல்லை.

அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சுவரை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். "அக்கா குடுத்த கல்லுல விஷமா? அக்கா அப்டி செய்யற ஆள் கெடையாது மேடம்" என்றார். செய்கிறவள் இல்லைதான், அவளுக்கே தெரியாது என்றேன். வேறு கல் வாங்கித் தருகிறேன், அதுவரை பெண்ணை அந்த அறையில் படுக்கவிடாதீர்கள் என்று கெஞ்சினேன். அவர் நெல்லைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டே நின்றார். நான் கிளம்பும்போது, "செத்துப்போனவங்கள பத்தி இப்டி பேசலாமா?" என்று மட்டும் கேட்டார்.

நாளைக்கு ஊத்துக்கோட்டைப் பக்கம் போகிறேன். எந்தத் தெரு, எந்த வீடு, ஒன்றும் தெரியாது. என்னிடம் இருப்பது உன் பேர் ஒன்றுதான். அதைச் சொன்னால் எல்லோரும் கதவைத் திறக்கிறார்கள், உட்காரச் சொல்கிறார்கள், சுவரைத் தட்டிப் பெருமையாகக் காட்டுகிறார்கள். உன் பேரைச் சொல்லித்தான் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போவேன். வெளியே வரும்போது அந்த வீட்டில் உன் பேர் கெட்டிருக்கும். பொறுத்துக்கொள்.